எதிரியால் அழியாத கப்பல்கள்



சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே விஞ்ஞானப் புனைகதை பற்றிப் பேச்சு எழுந்தது. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இல்லாத கப்பலைப் பற்றி எழுதுவதில் என்ன இலக்கியம் இருக்கிறது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது என்றே பட்டது. நான் பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலே இன்றைய உரை என்று நீங்கள் கொள்ளலாம்.

விஞ்ஞானப் புனைகதை நமக்கு முற்றிலும் அந்நியமான துறையன்று. அத்துறையின் முதல்வர்களில் ஒருவரான ஆதர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் மறையும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். எனினும் இன்று நான் எடுத்துக்கொள்வது அவருடைய நூல்களை அன்று. 1966 செப்டெம்பர் 8 ஆந் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, 1969 ஜூனில் முடிவுற்ற 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொடர் நாடகத்தில் வரும் ஒரு கப்பல் வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். 'கொன்ஸ்டிடியூஷன் வகுப்பு' என்பது அதன் பெயர். அந்த வகுப்பைச் சேர்ந்த 'என்டர்பிரைஸ்' என்ற கப்பலே நாடகத்தின் களம். தொடரின் 79 பகுதிகளையும் ஒரு கடற்படையின் பதிவேட்டைப் போலப் புரட்டிப் பார்த்தால், அக்கப்பல்களின் சேவை வரலாறு ஒரு வியப்பான உண்மையைச் சொல்கிறது. அதனை உரிய இடத்திலே கூறுவேன். முதலில் கப்பல் பிறந்த கதை.

இத்தொடரைப் படைத்தவர் ஜீன் ரொடன்பெரி. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்திலே பி-17 குண்டுவீச்சு விமானத்தைச் செலுத்தியவர். 1943 இல் அவர் செலுத்திய விமானம் ஓடுபாதையைத் தாண்டி மோதியதில் அவருடைய சகாக்கள் இருவர் உயிரிழந்தனர். போருக்குப் பின் பயணிகள் விமானச் சேவையிலும், பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸிலும் கடமையாற்றிவிட்டு எழுத்துக்கு வந்தவர் அவர். கப்பலின் வடிவத்தை 1964 இல் வரைந்தவர் மற் ஜெஃப்ரிஸ் என்ற கலை நெறியாளர். அவரும் அதே போரிலே குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். விமானங்களை வரைவதிலே தேர்ந்தவர். ஆகவே இந்தக் கற்பனைக் கப்பல், போரைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களின் கனவன்று. போரின் உள்ளேயிருந்து உயிரோடு திரும்பிய இருவரின் ஆக்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ரொடன்பெரி இட்ட நிபந்தனைகள் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பனவாகவே இருந்தன. பின்னால் நெருப்பு வேண்டாம், புகை வேண்டாம், ரொக்கெட் வேண்டாம், இறக்கையும் வேண்டாம். ஆனால், பார்த்த மாத்திரத்திலே பேராற்றல் உடையது என்று தோன்றவேண்டும்! அதற்கு முன்னர் வந்த விண்வெளிக் கதைகளின் கப்பற் படங்களை எல்லாம் ஜெஃப்ரிஸ் சேகரித்துச் சுவரிலே ஒட்டிவைத்தார். பின்பற்றுவதற்காக அல்ல, இவற்றுள் எதனையும் போல் இருக்கக்கூடாது என்று தம்மைத் தாமே எச்சரித்துக்கொள்வதற்காக. மரபை அறிந்த பின்னரே மரபை மீறவேண்டும் என்று நாம் மாணவர்க்குச் சொல்வதை அந்தக் கலைஞர் சுவரிலே செய்து காட்டினார்.

பின்னர் அவர் ஒரு பொறியியலாளரைப் போலச் சிந்தித்தார். ஒளியை விஞ்சும் வேகம் தரும் இயந்திரம் என்றால் அதன் அருகிலே மனிதர் இருப்பது ஆபத்தாகும். ஆகவே இரண்டு இயந்திரங்களையும் நீண்ட தூண்களின் நுனியிலே, உடலுக்கு வெளியே வைத்தார். பழுதுற்றால் கழற்றி மாற்றுவதற்கும் அது வசதி. மனிதர் வாழும் பகுதி தட்டு வடிவமாயிற்று. முதலில் உருண்டையாகவே வரைந்தார். அது அழகாக அமையாமற் போகவே தட்டையாக்கினார். கப்பலின் வெளிப்புறத்தை வழவழப்பாக விட்டார். கருவிகளை வெளியே பொருத்தினால் அவற்றைத் திருத்துவதற்கு ஒரு மனிதன் வெளியே போகவேண்டும், அது உயிராபத்து. எனவே பழுதுபார்க்கும் வழிகள் யாவும் உள்ளேயே அமைந்தன. ஒரு போர்க்கப்பலை வரைகின்றபொழுது அதிலே வேலைசெய்யும் தொழிலாளியின் உயிரை முதலில் எண்ணிய வரைஞரை நான் இங்கே காண்கிறேன்.

கப்பலின் இலக்கம் 1701. தூரத்திலிருந்து பார்த்தாலும் மயக்கமின்றி வாசிக்கக்கூடிய இலக்கங்கள் வேண்டும் என்பதற்காக 3, 6, 8, 9 ஆகியவற்றை ஜெஃப்ரிஸ் தவிர்த்தார். முன்னாலுள்ள என்.சி.சி. என்ற எழுத்துக்கள் அமெரிக்க விமானங்களின் பழைய பதிவுக் குறியான 'என்.சி.' என்பதிலிருந்து வந்தவை. படப்பிடிப்புக்கென மரத்தாலும் பிளாஸ்ரிக்காலும் பதினொரு அடி நீளமான மாதிரி ஒன்று செய்யப்பட்டது. அதன் வலப்பக்கம் மட்டுமே முழுமையாக அலங்கரிக்கப்பட்டது. விளக்குகளுக்கான மின்கம்பிகள் இடப்பக்கத்தால் உள்ளே சென்றமையால், அப்பக்கம் கமெராவுக்குக் காட்டப்படவில்லை. வாரந்தோறும் கப்பலைக் கிரகங்களில் இறக்கிக் காட்டுவதற்குப் பணம் போதாமையாலேயே, மனிதரை ஒளித்துகள்களாக்கி இடம்மாற்றும் கருவி கதைக்குள் வந்தது. வறுமையும் சில வேளை கற்பனைக்குத் தாயாகிறது.

கதைக்குள் இக்கப்பலின் பரிமாணம் என்ன? 1968 இல் வெளிவந்த தொடர் பற்றிய நூல் ஒன்றின்படி நீளம் 947 அடி, அதாவது சுமார் 289 மீற்றர். பணியாளர் 430 பேர். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும்போது வெளிப்படும் சக்தியே அதன் உந்துவிசை. ஆயுதங்கள் இரண்டு வகை: ஒன்று கதிராயுதம், மற்றையது ஒளித்துகள் டோர்பிடோ. தற்காப்புக்குக் கண்ணுக்குத் தெரியாத சக்திக் கேடயம். ஒரு கிரகத்தையே எரித்துவிடும் வல்லமை அதற்கு உண்டு. இத்தகைய கப்பல்கள் தமது படையிலே பன்னிரண்டே உள்ளன என்று கப்டன் கேர்க் ஓரிடத்திலே கூறுகிறார். அவற்றின் கடமையோ புதிய உலகங்களை ஆராய்வது. ஆயுதம் தரித்த ஆய்வுக்கலம்! இந்த முரண்பாட்டிலேதான் நாடகம் முழுவதும் நடக்கிறது.

பெயர்களையும் சற்றுக் கவனியுங்கள். வகுப்புக்குப் பெயர் தந்த 'கொன்ஸ்டிடியூஷன்' 1797 இல் பொஸ்டனில் கடலில் இறக்கப்பட்ட உண்மையான போர்க்கப்பல். இன்றும் அங்கே மிதக்கிறது. 'லெக்சிங்டன்', 'யோர்க்டவுன்' ஆகியவை 1942 இல் ஜப்பானியருடன் நடந்த சமர்களில் மூழ்கிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களின் பெயர்கள். 'ஹூட்', 1941 மே மாதத்தில் மூழ்கிய பிரித்தானியக் கப்பல். அதிலிருந்த 1,418 பேரில் மூவர் மட்டுமே பிழைத்தனர். 'கொங்கோ' அமெரிக்க நீர்மூழ்கியால் 1944 இல் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பல். 'பொட்டெம்கின்' 1905 கலகத்தால் பெயர்பெற்ற ருஷ்யக் கப்பல். ஒன்றையொன்று மூழ்கடித்த நாடுகளின் கப்பல்கள் இங்கே ஒரே அணியில் நிற்கின்றன. உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகளே ஆன காலம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுகளோடு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். அக்காலத்திலே ஒரு ருஷ்யப் பெயரை அமெரிக்க வீட்டு வரவேற்பறைக்குள் நேசக் கப்பலாகக் கொண்டுவந்தது சிறிய காரியமன்று.

இனிச் சேவை வரலாற்றுக்கு வருவோம். 1966 டிசெம்பரில் ஒளிபரப்பான 'பயங்கரத்தின் சமநிலை' என்ற பகுதி ஒரு திருமணத்தோடு தொடங்குகிறது. மணமகனும் மணமகளும் கப்பலின் ஆயுதப் பிரிவிலே வேலைசெய்பவர்கள். கப்டன் மணம் செய்துவைக்க வாயெடுக்கும் வேளையிலே அபாயச் சங்கு ஒலிக்கிறது. எல்லைக் காவல் நிலையங்களை ரொமுலன் என்ற இனத்தவரின் கப்பல் ஒன்று தகர்த்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த இனத்தோடு போர் நடந்தது. ஆனால் இரு தரப்பினரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதேயில்லை. முகம் காணாமலே போர் புரிந்து, முகம் காணாமலே உடன்படிக்கை செய்தவர்கள் அவர்கள்.

முதன்முறையாக எதிரியின் முகம் திரையிலே தெரிகிறது. அது கப்பலின் துணைத் தலைவர் ஸ்பொக் அவர்களின் இனத்து முகத்தை அப்படியே ஒத்திருக்கிறது! அந்தக் கணத்திலிருந்து கப்பலுக்குள்ளேயே ஒருவன் ஸ்பொக்கைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறான். பழைய போரிலே தன் முன்னோரை இழந்தவன் அவன். கப்டனோ, உன் வெறுப்பை உன் அறையிலே வைத்துக்கொள், என் கப்பலில் அதற்கு இடமில்லை என்ற பொருள்படக் கண்டிக்கிறார். இறுதியில் நச்சு வாயு பரவும்போது தன்னைச் சந்தேகித்த அதே மனிதனை ஸ்பொக் காப்பாற்றுகிறார். எதிரிக் கப்பலின் தளபதியும் போரில் சலித்துப்போன நல்ல மனிதனே. தோல்வியுற்ற வேளையிலே, வேறொரு வாழ்வு வாய்த்திருந்தால் நாமிருவரும் நண்பராய் இருந்திருப்போம் என்று கேர்க்கிடம் கூறிவிட்டுத் தன் கப்பலைத் தானே அழித்துக்கொள்கிறான்.

வெற்றி யாருக்கு? என்டர்பிரைஸ் கப்பலில் இறந்தவர் ஒருவரே. அவர் காலையில் மணக்கோலத்தில் நின்றவர். கதை வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. கைம்மை கொள்ளுமுன்பே கைம்மை கொண்ட அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தையின்றிக் கப்டன் நிற்பதோடு முடிகிறது. இதைப் பார்க்கின்ற எவரும், குறிப்பாகப் போர் என்றால் என்னவென்று அறிந்த நாம், இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

1967 இல் வந்த மற்றொரு பகுதியில், கிளிங்கன் இனத்தவருக்கும் கேர்க் சார்ந்த கூட்டமைப்புக்கும் போர் மூளுகிறது. ஆற்றல் மிக்க முதியோர் சிலர் இரு தரப்பு ஆயுதங்களையும் தொடமுடியாதபடி சுடவைத்துப் போரை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது நடப்பதுதான் வேடிக்கை. எங்கள் போரில் தலையிட உங்களுக்கு என்ன உரிமை என்று கேர்க்கும் எதிரித் தளபதியும் ஒன்றுசேர்ந்து கூச்சலிடுகிறார்கள்! சற்றுப் பின்னர், தாம் வாதாடியது கொல்லும் உரிமைக்காக என்பதை உணர்ந்து கேர்க் வெட்கமடைகிறார். தன் நாயகனைத் தானே நாணவைக்கும் துணிவு எல்லாக் கதைகளுக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது நான் முன்னர் கூறிய பதிவேட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு கப்பல்களில் ஐந்து, தம் பணியாளர் அனைவரையும் மூல நாடகத்தின் பகுதிகளிலே இழக்கின்றன. 'கொன்ஸ்டலேஷன்' ஒன்று. 'எக்ஸெட்டர்' ஒன்று. நானூறு பேருடன் அழிந்த 'இன்ட்ரெப்பிட்' ஒன்று. 'டிபயன்ட்' ஒன்று. 'எக்ஸ்கலிபர்' ஒன்று. இந்த ஐந்தில் எத்தனை எதிரிகளின் கையால் அழிந்தன? ஒன்றுகூட இல்லை. கிளிங்கனுக்கும் ரொமுலனுக்கும் அஞ்சிக் கட்டப்பட்ட கப்பல்களில் ஒன்றையேனும் கிளிங்கனோ ரொமுலனோ அவ்வாறு அழிக்கவில்லை. இதுவே நான் சொன்ன வியப்பு.

பின் எதனால் அழிந்தன? எக்ஸெட்டர் பணியாளரைக் கொன்றது நோய். அதுவும் ஒரு கிரகத்திலே எப்போதோ நடந்த கிருமிப் போரின் மிச்சமென்றே கருதப்படுகிறது. இன்ட்ரெப்பிட்டை விழுங்கியது விண்வெளியில் மிதந்த மாபெரும் ஒற்றைக்கல உயிரி. டிபயன்ட் பணியாளர் சித்தம் கலங்கி ஒருவரையொருவர் கொன்றனர். கொன்ஸ்டலேஷன் கதை இன்னும் கொடியது. என்றோ யாரோ செய்து ஏவிவிட்ட அழிவு இயந்திரம் ஒன்று கிரகங்களைத் தின்றபடி வருகிறது. செய்தவர்கள் மாண்டுபோயிருக்க வேண்டும். செய்த பொருள் மட்டும் வேலைசெய்துகொண்டே இருக்கிறது. அதன் தாக்குதலால் கப்பல் சிதைய, தளபதி டெக்கர் தன் நானூறு பேரையும் பாதுகாப்புக்காக அருகிலுள்ள கிரகத்தில் இறக்கிவிடுகிறார். இயந்திரம் அந்தக் கிரகத்தையே அழித்துவிடுகிறது. காப்பாற்ற எண்ணியே கொன்றுவிட்டேன் என்ற துயரோடு வெறுங்கப்பலில் தனித்திருக்கும் அந்த மனிதரின் முகம் மறக்கக்கூடியதன்று. அந்த ஆயுதத்தைத் தம் காலத்து ஐதரசன் குண்டோடு எழுத்தாளர் நோர்மன் ஸ்பின்ராட் வெளிப்படையாகவே ஒப்பிடுகிறார். சிதைந்த கொன்ஸ்டலேஷனாகப் படத்திலே வந்தது கடையில் விற்கும் விளையாட்டு மாதிரிதான். 1701 என்பதை மாற்றி 1017 என ஒட்டியிருந்தார்கள். துயரமோ விளையாட்டாக இல்லை.

ஐந்தாவது கப்பல் எக்ஸ்கலிபர். 1968 மார்ச்சில் வந்த 'உச்சக் கணினி' என்ற பகுதியிலே அது அழிகிறது. இன்று நாம் மிகவும் சிந்திக்கவேண்டிய பகுதி இதுவே. டொக்டர் டேஸ்ட்ரொம் என்ற மேதை, முழுக் கப்பலையும் தானே இயக்கும் கணினி ஒன்றைச் செய்து என்டர்பிரைஸில் பொருத்துகிறார். மனிதர் விண்வெளியில் இறக்கத் தேவையில்லாத நிலை வரவேண்டும் என்பது அவர் நோக்கம், நோக்கம் நல்லதே. 430 பேர் வேலைசெய்த கப்பலில் இருபது பேர் போதுமாகின்றனர். கணினி கப்டனைவிட விரைவாகச் செயலாற்றுகிறது. நண்பரான கொமடோர் வெஸ்லி, இனி உபயோகமற்ற உதிரிப்பாகம் நீர்தான் என்று கேர்க்கைக் கேலி செய்கிறார்.

பின்னர் ஒத்திகைப் போர். லெக்சிங்டன், எக்ஸ்கலிபர், ஹூட், பொட்டெம்கின் ஆகிய நான்கும் எதிர்ப்புறம் நிற்கின்றன. ஒத்திகைக்கும் உண்மைக்கும் வேறுபாடு காணத் தெரியாத கணினி முழுப் பலத்தோடு சுடுகிறது. எக்ஸ்கலிபரில் ஒருவரும் மிஞ்சவில்லை. லெக்சிங்டனில் ஐம்பத்து மூவர் பலி. கொலைக்குத் தண்டனை என்ன என்று கேர்க் கணினியைக் கேட்கிறார். மரணம் என்று அது பதிலளித்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. கேடயமின்றி, ஓட்டமின்றி என்டர்பிரைஸ் நிற்கிறது. அதனை அழிக்கும் அனுமதியோடு வெஸ்லியின் கப்பல்கள் நெருங்குகின்றன.

இங்கே கேர்க் எடுக்கும் முடிவுதான் கதையின் உயிர். அவர் எதுவுமே செய்யவில்லை. கேடயத்தை உயர்த்தவில்லை, செய்தி அனுப்பவுமில்லை. நிராயுதபாணியாய் நிற்கும் கப்பலைக் கண்டு வெஸ்லியின் மனம் தயங்கும் என்று நம்பிக் காத்திருக்கிறார். வெஸ்லி தயங்குகிறார், தாக்குதலை நிறுத்துகிறார். மனிதனை உதிரிப்பாகம் என்று கேலி செய்த அதே வாய்தான் 'சுடாதே' என்று கட்டளையிடுகிறது. இயந்திரம் ஒரு கணமும் தயங்கவில்லை, மனிதன் தயங்கினான். அந்தத் தயக்கத்தினால் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தனர் என்று எண்ணவேண்டாம். கப்பலில் எஞ்சியிருந்தவர் இருபது பேரளவினரே. எனினும் அந்த இருபது உயிருக்காக ஒருவன் தன் விரலை நிறுத்தினான் என்பதே பெரிது.

இதனை வெறுங்கதை என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது. மனிதக் கட்டளையின்றித் தாமே இலக்கைத் தெரிந்து கொல்லும் ஆயுதங்கள் பற்றி 2014 முதல் ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகள் மட்டத்தில் நாடுகள் கூடிப் பேசிவருகின்றன. அந்த மேசையிலே எழுகின்ற கேள்வியை 1968 இல் ஒரு தொலைக்காட்சி நாடகம் ஐம்பது நிமிடத்துக்குள் கேட்டுவிட்டது.

குறைகளையும் கூறாமல் விடுவது விமர்சகனுக்கு அழகன்று. இந்நாடகத்திலே பெயரில்லாத சிப்பாய்கள் வாரந்தோறும் இறக்கின்றனர். அவர்களுக்காக அழுபவர் குறைவு. பெண்கள் பெரும்பாலும் கட்டளையிடும் நிலையில் இல்லை. 1968 பெப்ரவரியில் வந்த ஒரு பகுதியிலே, அமைதியான மலைவாசிகளின் பகைவர்க்குக் கிளிங்கன்கள் துப்பாக்கி கொடுக்கிறார்கள் என்பதற்காக, கேர்க்கும் மலைவாசிகளுக்கு நூறு துப்பாக்கிகள் கொடுக்கத் தீர்மானிக்கிறார். அப்போது வியட்நாமிலே போர் நடந்துகொண்டிருந்தது. வல்லரசின் நியாயத்தை நாடகம் அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அதனையும் மகிழ்ச்சியோடு செய்யவில்லை. குற்றம் செய்தவனின் கனத்த மனத்தோடே கப்டன் அக்கிரகத்தை விட்டுப் போகிறார்.

கப்பலின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1984 இல் வந்த திரைப்படத்திலே, எதிரிகள் உள்ளே புகுந்த நிலையில் என்டர்பிரைஸைக் கேர்க்கே அழித்துவிடுகிறார். அதே பெயருடன் வந்த அடுத்த கப்பலின் கடைசிப் பணி, கிளிங்கன்களோடு நடக்கும் சமாதான மாநாட்டைச் சதிகாரரிடமிருந்து காப்பது. சதிகாரர் இரு தரப்பிலும் இருந்தனர் என்பதையும் கவனியுங்கள். அப்படம் வெளிவந்தது 1991 டிசெம்பரில். அதே மாதத்திலே சோவியத் யூனியன் கலைந்தது. ரொடன்பெரி அதற்கு முந்திய ஒக்டோபரில் காலமானார். பதினொரு அடி மாதிரிக் கப்பல் வாஷிங்டன் நூதனசாலையிலே, உண்மையில் பறந்த விமானங்களுக்கும் கலங்களுக்கும் அருகே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

போரிலே ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று நமது பாட்டியல் நூல்கள் இலக்கணம் கூறும். எத்தனை கொன்றான் என்பது அங்கே அளவுகோல். கொல்லும் வல்லமை இருந்தும் எங்கே தயங்கினான் என்பது இக்கதைகளின் அளவுகோல். இரண்டும் போரைப் பாடுபவையே. காலம் அளவுகோலை மாற்றியிருக்கிறது.

அந்த மாணவனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தம்பி, கப்பல் இல்லாததுதான். பன்னிரண்டு கப்பலும் இல்லாதவைதான். ஆனால் எதிரியின் முகத்திலே நம் நண்பனின் முகத்தைக் கண்டு திடுக்கிடுவது இருக்கிறது. செய்தவன் இறந்தபின்னும் கொன்றுகொண்டே போகும் ஆயுதம் இருக்கிறது. சுடும் கட்டளை கையிலிருக்க, ஒரு கணம் தயங்கும் மனமும், எங்கோ ஓரிடத்திலாவது, இருக்கிறது. இல்லாத கப்பலிலே ஏற்றி, இருக்கின்ற இவற்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதைத்தான் நாம் இலக்கியம் என்கிறோம்.